பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

(துறைமுகத்திலும் விமான நிலையச் சரக்கு முனையத்திலும் உடைந்த சரக்கைப் பார்த்துச் சேத அறிக்கை எழுதும் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கி, வழியில் உடைந்துபோன பொருள்கள் பற்றியே இந்த இதழுக்கு நிறையக் கேள்விகள் வந்ததால் எல்லாமே அதைப் பற்றித்தான்.)

கேள்வி: ஒரு வெளிநாட்டு இணையச் சந்தையில், ஜப்பானில் இருக்கும் விற்பனையாளரிடம் பழைய 50 மி.மீ. கேமரா லென்ஸ் ஒன்று வாங்கினேன். விலை 28,000 ரூபாய். தபாலில் வந்தது. அட்டைப்பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. பிரித்தால், லென்ஸின் முன்விளிம்பு வளைந்திருக்கிறது, கண்ணாடியில் விரிசல், ஃபோகஸ் வளையம் சுற்றவே மாட்டேன் என்கிறது. விற்றவரிடம் சொன்னால், "அனுப்பும்போது நன்றாக இருந்தது, தபால்துறையிடம் கேளுங்கள்" என்கிறார். தபால் நிலையத்தில் போய்க் கேட்டால், "அனுப்பியவர்தான் புகார் கொடுக்க வேண்டும்" என்கிறார்கள். நான் யாரிடம் போவது ஐயா?

— வாசகர், கோவை

பதில்: தபால் நிலையத்தில் சொன்னதுதான் சரி. விற்றவர் உங்களைச் சுற்றவிடுகிறார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த லென்ஸ் உடைந்ததற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, வழியில் யாரோ அதைக் கையாண்ட விதம் சரியில்லை. அப்படியென்றால் தபால்துறைக்குக் காசு கட்டி, ரசீது வாங்கி, கையில் வைத்திருப்பவர் விற்பனையாளர். தபால்துறையிடம் நஷ்டம் கேட்கும் உரிமை பொதுவாக அவருடையது. அந்த உரிமையை எழுத்து மூலம் விட்டுக்கொடுத்தால்தான் அது உங்கள் கைக்கு வரும். இரண்டாவது காரணம், சாதாரணக் குலுக்கலையே தாங்காத அளவுக்கு மோசமாகப் பேக் செய்திருந்தார்கள். பேக் செய்ததும் அவர்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் வழக்கு அவருக்கும் தபால்துறைக்கும் இடையில். நடுவில் நீங்கள் ஏன் நிற்க வேண்டும்? உங்களுக்கு விற்றவர் அவர், பணம் வாங்கியவர் அவர்.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருகிறேன். இத்தனை வருடம் நான் பார்த்தது பொருளைவிடப் பெட்டியைத்தான். மூலை நசுங்கியிருந்தால் பெட்டி கீழே விழுந்திருக்கிறது. பக்கவாட்டில் வயிறு பிதுங்கி, மேல்பக்கம் அமுங்கியிருந்தால் மேலே பாரம் ஏற்றியிருக்கிறார்கள். கூராகத் துளை விழுந்திருந்தால் ஃபோர்க்லிஃப்ட் அல்லது பக்கத்தில் இருந்த வேறொரு பெட்டியின் முனை. அட்டை அலை அலையாக நெளிந்து, காய்ந்த கறை இருந்தால் தண்ணீர். ஆனால் வெளியே கீறல் இல்லாமல் உள்ளே மட்டும் உடைந்திருந்தால், பத்துக்கு ஒன்பது தடவை பேக்கிங்தான் காரணம் என்பது என் அனுபவம். அதிர்ச்சி அட்டை வழியாக அப்படியே உள்ளே போயிருக்கிறது, நடுவில் அதை வாங்கிக்கொள்ள மெத்தென்று எதுவும் இல்லை.

பார்சல் தொழிலில் ஒரு சோதனை உண்டு. ஐஎஸ்டிஏ 1ஏ என்பார்கள். ஒன்பதரை கிலோவுக்குக் குறைவான பெட்டி என்றால் சுமார் 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போடுவார்கள். ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம். அதாவது நம் வீட்டு மேசை உயரம். தபாலில் போகும் பெட்டி இதையெல்லாம் சந்திக்கும் என்று எதிர்பார்த்துத்தான் பேக் செய்ய வேண்டும். "உடையும் பொருள்" என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன் என்று விற்றவர் சொல்லலாம். பார்சல் பிரிக்கும் மெஷினுக்கு ஸ்டிக்கர் படிக்கத் தெரியாது.

எனவே முதல் காரியம், பெட்டி, உள்ளே இருந்த காகிதம், பபுள் ஷீட், ஒட்டியிருந்த லேபிள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். போட்டுவிட்டீர்கள் என்றால் குப்பைத்தொட்டியிலிருந்து எடுங்கள், கூச்சப்பட வேண்டாம். பெட்டியின் ஆறு பக்கமும் ஒவ்வொரு படம். லேபிள் படிக்கும்படி ஒரு படம். பொருளை எப்படி வைத்திருந்தார்கள் என்று காட்டும் படம்: லென்ஸை மறுபடி அதே மாதிரி வைத்து எடுக்கலாம், ஆனால் "இது மறுபடி வைத்து எடுத்தது" என்று சொல்லிவிடுங்கள். சுற்றிலும் எத்தனை செ.மீ. இடைவெளி இருந்தது என்று தெரிய ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வையுங்கள். உடையும் பொருளுக்கு எல்லாப் பக்கமும் குறைந்தது ஐந்து செ.மீ. குஷன் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் பெட்டியில் ஒரு சுற்று பபுள் ஷீட்டும் ஒரு ஜப்பானியச் செய்தித்தாளும்தான் இருந்தன என்றால் அந்த ஒரு படமே போதும்.

விரிசலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுங்கள். ஃபோகஸ் வளையம் சுற்றவில்லை என்பதைப் படத்தில் காட்ட முடியாது, பத்து விநாடி வீடியோ எடுங்கள். லென்ஸில் சீரியல் எண் இருக்கும், அது விற்பனைப் பக்கத்துப் படத்தில் இருந்ததோடு ஒத்துப்போகிறது என்று தெரிய வேண்டும். "வேறு லென்ஸை மாற்றிவிட்டார்" என்று விற்றவர் சொல்ல வழி வைக்கக்கூடாது. தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து வளையத்தைச் சரிபண்ணிப் பார்க்கலாமே என்று தோன்றும். பணம் வரும்வரை ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள்.

அப்புறம் எழுத்து வேலை. தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் பேசலாம் என்று அவர் கூப்பிட்டால் போகாதீர்கள், நாளைக்குத் தளத்தில் இருப்பவர்கள் அதைப் பார்க்க மாட்டார்கள். கோபம் வேண்டாம். பொருள் எந்தத் தேதியில் வந்தது, என்னென்ன சேதம், படங்கள் இணைத்திருக்கிறேன், முழுப் பணமும் வேண்டும், திருப்பி அனுப்ப லேபிள் கொடுத்தால் அனுப்புகிறேன். இவ்வளவுதான். "தபாலில் கிளெய்ம் கேட்க உங்களுக்கு என்ன ஆதாரம் வேண்டுமோ தருகிறேன்" என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். அது மரியாதை, அதோடு உங்களுக்கும் நல்லது.

ஜப்பான் அஞ்சலின் இஎம்எஸ் என்ற விரைவுத் தபால் சேவையில் அனுப்பியிருந்தால், 20,000 யென் வரை இழப்பீடு கட்டணத்துக்குள்ளேயே அடக்கம். கூடுதல் கட்டணம் கட்டினால் 20 லட்சம் யென் வரை போகும். அவர் எவ்வளவுக்குக் கட்டினார் என்பது அவர் பிரச்சினை. பெட்டியையும் பொருளையும் உங்கள் தபால் நிலையத்தில் காட்டி, சேதத்தைப் பதிவுசெய்து தரும்படி எழுதிக் கேளுங்கள். அங்கே அவர் விசாரணை தொடங்கினால் அது இந்தியாவுக்கு வரும், அப்போது இந்தப் பதிவு இருப்பது நல்லது. சர்வதேசத் தபாலில் விசாரணை கேட்க, அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம் உண்டு. ஆனால் அந்த ஆறு மாதம் அவருக்கான அவகாசம். "தபால் விசாரணை முடியட்டும், பணம் தருகிறேன்" என்று சொன்னால் சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். உங்கள் கடிகாரம் அதைவிட வேகமாக ஓடுகிறது.

உதாரணத்துக்கு, ஈபேயில் வாங்கியவருக்குப் பொருள் கையில் வந்ததிலிருந்து பொதுவாக 30 நாள். வழியில் உடைந்ததையும் "விவரித்தபடி இல்லை" என்ற கணக்கில்தான் அவர்கள் வைப்பார்கள். முறையீட்டைப் பதிந்த பிறகு விற்றவருக்கு மூன்று வேலை நாள், அதற்குள் தீர்க்கவில்லை என்றால் தளத்தையே தலையிடச் சொல்லலாம். பேபால் என்ற இணையப் பணம் செலுத்தும் சேவை வழியாகக் கட்டியிருந்தால் பணம் கட்டியதிலிருந்து 180 நாளுக்குள் தகராறு பதியலாம், பதிந்த 20 நாளுக்குள் அதைக் கிளெய்மாக உயர்த்த வேண்டும். உயர்த்த மறந்தால் தானாக மூடிக்கொள்ளும். மூடியதை மறுபடி திறக்க முடியாது. "நீங்கள் கேஸை மூடுங்கள், நாளைக்கே பணம் அனுப்புகிறேன்" என்ற வாக்குறுதி ஊர் ஊராக நடக்கும் பழைய வித்தை. பணம் கணக்கில் விழட்டும், அப்புறம் மூடலாம்.

கேள்வி: கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கிக்குப் போனேன். விற்றவர் பதிலே போடவில்லை என்றும் சொன்னேன். "ஓடிபி போட்டது நீங்கள்தானே, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

— வாசகி, திருச்சி

பதில்: ஓடிபி போட்டது நீங்கள்தான், அதை யாரும் மறுக்கவில்லையே அம்மா. கவுண்டரில் இருந்தவர் உங்கள் புகாரை மோசடிப் புகார் என்று எடுத்துக்கொண்டார். "என் கார்டை வேறு யாரோ பயன்படுத்திவிட்டார்கள்" என்பது ஒரு வகை. "பணம் கட்டியது நான்தான், வந்த பொருள்தான் உடைந்திருக்கிறது" என்பது வேறு வகை. இரண்டாவதற்கு ஓடிபி குறுக்கே வராது.

இப்படிக் கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாக விற்றவரிடமிருந்து திரும்பப் பெறுவதற்குச் சார்ஜ்பேக் என்று பெயர். விசா கார்டு என்றால் 13.3 என்ற வகை, விவரித்தபடி இல்லாத அல்லது பழுதான பொருள். மாஸ்டர்கார்டு என்றால் 4853. இந்த எண்ணை விண்ணப்பத்தில் எழுதுங்கள், பேச்சே மாறிவிடும். பொதுவாகப் பொருள் கைக்கு வந்ததிலிருந்து 120 நாள் வரை அவகாசம். ஆனால் சில வங்கிகள் உள்ளுக்குள் இதைவிடக் குறைவாக வைத்திருக்கும், அதனால் தள்ளிப் போடாதீர்கள். கிளையில் வாயால் சொல்வதைவிட, வங்கியின் தகராறு படிவத்தை நிரப்பி மின்னஞ்சலில் அனுப்பி, புகார் எண் வாங்குங்கள்.

இரண்டு காகிதம் அவசியம். விற்றவரிடம் முதலில் நீங்கள் கேட்டீர்கள் என்பதற்குச் சான்று, பொருளைத் திருப்பித் தரத் தயாராக இருந்தீர்கள் என்பதற்குச் சான்று. பலபேர் இரண்டாவதை விட்டுவிடுவார்கள். "பணம் கொடு" என்று மட்டும் எழுதியிருப்பார்கள், "பொருளை எப்படித் திருப்பி அனுப்ப?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் கேஸில் அவர் பதிலே போடவில்லை என்பதால், நீங்கள் கேட்ட கடிதமும் அதன் தேதியும் போதும்.

வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை, அல்லது காரணமில்லாமல் தட்டிக்கழித்தது என்றால் வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மனிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது. பல சமயம் அங்கே போகப் போகிறேன் என்று மின்னஞ்சலில் எழுதினாலே வேலை நடக்கிறது.

கேள்வி: இத்தாலியிலிருந்து கண்ணாடி விளக்கு வாங்கினேன், கொரியரில் வந்தது. கொரியர் பையன் அவசரப்படுத்தினான், கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன். சாயங்காலம் பிரித்தால் சுக்குநூறு. "நல்ல நிலையில் பெற்றதாகக் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி ஒன்றும் கிடையாது" என்கிறது கொரியர் நிறுவனம்.

— வாசகர், மதுரை

பதில்: கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்துவிடாது. விமானத்தில் வரும் சரக்குக்கு 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. சேதம் பற்றிய புகாரை, சரக்கு கையில் வந்ததிலிருந்து 14 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது அது. கையெழுத்தால் வருவது ஒன்றுதான்: நல்ல நிலையில் வந்தது என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பாகிவிடும். அதற்குத்தான் அந்தப் படங்கள். இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

ஆனால் அங்கிருந்து பெரிய தொகை வரும் என்று கனவு காணாதீர்கள். அந்த உடன்படிக்கையில் சரக்குக்குப் பொறுப்பு எடைக்கணக்கு. 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு, ஒன்று நூறு ரூபாய்க்குச் சற்று மேலே போகும். இரண்டு கிலோ விளக்கு என்றால் ஆறாயிரம் ரூபாய் பக்கம். உங்கள் விளக்கு 40,000 ரூபாய் என்றால் மீதி? அனுப்பும்போதே மதிப்பைச் சொல்லிக் கூடுதல் கட்டணம் கட்டியிருந்தால்தான் அந்த வரம்பு உயரும். கட்டினாரா இல்லையா என்பது அனுப்பியவருக்குத் தெரியும்.

எனவே கொரியருக்கு அந்தக் கடிதத்தை அனுப்பி உரிமையைக் காப்பாற்றிக்கொண்டு, பணத்தை விற்றவரிடம் கேளுங்கள். முதல் கேள்விக்குச் சொன்ன அதே வழி.

இனி வரும் பார்சலுக்கு: பெட்டி நசுங்கியிருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "பெட்டி நசுங்கிய நிலையில் பெற்றேன்" என்று எழுதுங்கள். ஃபோனில் விரலால் கோடு இழுக்கும் கையெழுத்து என்றால் எழுத இடமிருக்காது. பெட்டி, டெலிவரி ஆளின் கை, வாசல் எல்லாம் தெரியும்படி ஒரு படம் எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பையன் முகத்தை எடுக்க வேண்டாம், பாவம், அவன் உடைக்கவில்லை.

தபாலா கொரியரா என்றே தெரியவில்லை என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். டிராக்கிங் எண்ணைப் பாருங்கள். இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டின் இரண்டு எழுத்து என்று 13 இடம் இருந்தால் தபால். மான்ட்ரியல் உடன்படிக்கை தபாலுக்குப் பொருந்தாது. அதற்கு 1874 முதல் இருக்கும் சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் விதிகள்.

கேள்வி: பார்சலில் சுங்கத்துறை டேப் ஒட்டியிருக்கிறது. அவர்கள் பிரித்துப் பார்த்தபோது உடைத்திருக்கலாம் அல்லவா?

— வாசகர், சேலம்

பதில்: இருக்கலாம். நிரூபிக்க முடியாது. நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. டேப்பையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு விற்றவரிடம் பணம் கேளுங்கள்.

கேள்வி: தீர்வையை மிச்சப்படுத்தலாமென்று, பெட்டி மேல் "பரிசு, மதிப்பு 20 டாலர்" என்று எழுதி அனுப்பச் சொன்னேன். உண்மையான விலை 300 டாலர். இப்போது உடைந்து வந்திருக்கிறது.

— பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: பெயர் போடாதது நல்லதாகப் போயிற்று. முதலில், அது சுங்கச் சட்டப்படி தவறு. 5,000 ரூபாய் வரையிலான பரிசுக்குத் தீர்வை இல்லை என்ற சலுகையே 2019 டிசம்பரில் போய்விட்டது, ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் இப்போது விதிவிலக்கு. அதனால் "பரிசு" என்று எழுதி ஒன்றும் மிச்சமாகியிருக்காது.

இரண்டாவது, இனி தபாலோ கொரியரோ நஷ்டஈடு தந்தாலும் 20 டாலருக்கு மேல் தர மாட்டார்கள். லேபிளில் இருப்பதுதான் மதிப்பு. அதை எழுதியவர் விற்பனையாளர் என்பதால் அவருக்கு 280 டாலர் கையை விட்டுப் போகும், ஆகவே உங்களோடு மல்லுக்கட்டுவார். "நீங்கள் சொல்லித்தானே எழுதினேன்" என்று உங்கள் செய்தியையே எடுத்துக் காட்டுவார். தளத்தில் கட்டிய தொகை 300 டாலர் என்று பதிவாகியிருக்கும், அதை வைத்துத் தளத்தில் முறையிடலாம். கிடைக்கவும் கிடைக்கலாம். இனிமேல் எந்த விற்பனையாளரிடமும் இப்படிக் கேட்காதீர்கள். அவரே "குறைத்து எழுதவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: உடைந்த பொருளுக்கு நான் சுங்கத்தீர்வை 9,000 ரூபாய் கட்டியிருக்கிறேன். விற்றவர் பொருளின் விலையைத் தந்துவிட்டார். தீர்வை?

— வாசகி, சென்னை

பதில்: விற்றவர் தீர்வையைத் தர மாட்டார், அது அரசாங்கத்துக்குப் போனது. அரசாங்கத்திடம்தான் கேட்க வேண்டும். 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் 26ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. வந்த பொருள் பழுதானது, பேசியபடி இல்லை என்றால், அதைப் பயன்படுத்தாமல், சுங்க அனுமதி கிடைத்த 30 நாளுக்குள் திருப்பி ஏற்றுமதி செய்தாலோ, சுங்கத்துறையிடமே ஒப்படைத்து உரிமையை விட்டாலோ, அதிகாரி முன்னிலையில் அழித்தாலோ, கட்டிய தீர்வையைத் திரும்பக் கேட்கலாம். கேட்க ஆறு மாத அவகாசம். வந்த பொருளும் திரும்பப் போகும் பொருளும் ஒன்றுதான் என்று அதிகாரி அடையாளம் காண வேண்டும், இங்கேயும் சீரியல் எண்ணும் படங்களும்தான் கை கொடுக்கும்.

நடைமுறையில், திருப்பி அனுப்பும்போது சாதாரணப் பார்சல் மாதிரி அனுப்பிவிட்டு அப்புறம் வந்து தீர்வை கேட்டால் கிடைக்காது. அனுப்பும் முன்னாலேயே, தீர்வை கட்டிக்கொடுத்த கொரியரின் சுங்கப் பிரிவிடம் சொல்லி, 26ஏ-இன் கீழ் என்று காகிதத்தில் வர வேண்டும். 9,000 ரூபாய்க்கு இந்த அலைச்சல் தகும் என்று நான் நினைக்கிறேன். 900 என்றால் விட்டுவிடுங்கள் என்பேன்.

பொருள் சுங்கத்தில் இருக்கும்போதே உடைந்தது தெரியவந்தால் 22-ஆம் பிரிவு. சேதத்துக்குத் தக்கபடி தீர்வையைக் குறைத்துக் கேட்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு அது பொருந்தாது.

கேள்வி: அமெரிக்கக் கடை இந்தியாவுக்கு அனுப்புவதில்லை என்பதால், அங்கே ஒரு கிடங்கு முகவரி தந்து, பல பெட்டிகளைச் சேர்த்து அனுப்பும் சேவையைப் பயன்படுத்தினேன். உடைந்திருக்கிறது.

— வாசகர், தாம்பரம்

பதில்: கடை தன் வேலையை அந்தக் கிடங்கு வாசலில் முடித்துக்கொண்டது. அதற்கப்புறம் உடைந்ததற்கு அவர்கள் பொறுப்பில்லை. ஈபேயும் வேறு முகவரிக்கு மறு அனுப்புகை செய்த பொருளுக்குத் தன் பாதுகாப்பைத் தருவதில்லை. நீங்கள் கேட்க வேண்டியது அந்தச் சேவை நிறுவனத்திடம். கிடங்குக்கு வந்தபோது எடுத்த படம் அவர்கள் கணக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் வெளிப்பக்கப் படமாவது பெரும்பாலும் இருக்கும். அப்போது நன்றாக இருந்து இப்போது நசுங்கியிருந்தால் பேச்சுக்கு இடமுண்டு. காப்பீடு வேண்டாம் என்று டிக் எடுத்திருந்தீர்கள் என்றால் கஷ்டம்.

கேள்வி: டொரண்டோவில் இருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து கிருஷ்ணர் தஞ்சாவூர் ஓவியம் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். சட்டத்தின் கண்ணாடி உடைந்து, துண்டுகள் தங்கத்தாளைக் கீறியிருக்கின்றன. கடைக்காரர், "கண்ணாடியை அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள், 2,000 ரூபாய் தருகிறேன்" என்கிறார்.

— வாசகி, டொரண்டோ

பதில்: கண்ணாடி போனதைப் பற்றி நான் கவலைப்படவில்லை, அது எங்கும் கிடைக்கும். கீறல்தான் விஷயம். அந்த ஓவியம் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் மேடாக எழுப்பி, அதன் மேல் தங்கத்தாள் ஒட்டியது. கீறிய இடத்தில் தாளை ஒட்டுப்போட்டால் நிறம் வேறாகத் தெரியும், வெளிச்சம் படும்போது இன்னும் தெரியும். அந்த 2,000 ரூபாயை இப்போது வாங்காதீர்கள். பகுதிப் பணத்தை வாங்கிக்கொண்டால் சமரசம் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள், அதற்குப்பின் வங்கிக்குப் போனாலும் எடுபடாது.

மூன்று வழி கேளுங்கள்: முழுப் பணம், அல்லது புதிய ஓவியம், அல்லது ஓவியம் உங்களிடமே இருக்க, கீறலுக்குத் தக்க நியாயமான கழிவு. கண்ணாடித் துண்டுகளை எடுக்கும் முன் படுக்கவைத்தபடியே படம் எடுங்கள், நிமிர்த்தினால் துண்டுகள் வழுக்கி இன்னும் கீறும். கடைக்காரர் ஒத்துவரவில்லை என்றால் உங்கள் கனடா வங்கியில் சார்ஜ்பேக். திருச்சி வாசகிக்குச் சொன்ன எண்கள் உங்களுக்கும் பொருந்தும்.

இந்தியாவில் வழக்குப் போட வழி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை இருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் அங்கிருந்தே பதியலாம்.

கடைக்காரர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன்: தஞ்சாவூர் ஓவியத்தைக் கண்ணாடியோடு வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். அக்ரிலிக் ஷீட் போடுங்கள், அல்லது கண்ணாடி இல்லாமல் அனுப்பி, வாங்குபவர் ஊரிலேயே போடச் சொல்லுங்கள். சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: அதேபோல நாங்கள் இங்கிருந்து வெளிநாட்டு விற்பனையாளர் மேல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா?

— வாசகர், ஈரோடு

பதில்: போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போட 2019 சட்டம் இடம் தருகிறது. 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகள், இந்தியாவில் அலுவலகம் இல்லாவிட்டாலும் இந்திய வாடிக்கையாளர்களுக்குத் தொடர்ந்து விற்கும் தளங்களுக்கும் பொருந்தும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. இங்கே ஆள் வைத்திருக்கும் பெரிய தளம் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கி, தேவைப்பட்டால் வழக்குக்குப் போங்கள்.

ஒசாகாவிலோ மிலானிலோ இருக்கும் தனி ஆள் மேல் போட்டால் தீர்ப்பு கிடைக்கும், பணம் கிடைக்காது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு யார் அங்கே போவது? தளம், பேபால், கார்டு வங்கி என்ற மூன்று கதவுகளையும் காலாவதி ஆகும் முன்னே தட்டுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

கேள்வி: பணம் திரும்ப வந்தது. ஆனால் கட்டியதைவிட 1,100 ரூபாய் குறைவு. ஏமாற்றுகிறார்களா?

— வாசகி, புதுச்சேரி

பதில்: பெரும்பாலும் இல்லை. விற்றவர் டாலரில் வாங்கியதை டாலரில் திருப்பியிருப்பார். திரும்பிய அன்றைய மாற்று விகிதம் வேறு. அதோடு, வெளிநாட்டுச் செலவுக்கு வங்கிகள் போடும் மார்க்கப் என்ற கூடுதல் கட்டணம், 3.5 சதவீதம் வரைகூட இருக்கும், அதன் மேல் ஜிஎஸ்டி வேறு. பொருளுக்கான பணம் திரும்பினாலும் இதைப் பொதுவாகத் திருப்ப மாட்டார்கள். ஸ்டேட்மென்டில் அந்த இரண்டு வரியையும் பாருங்கள். கணக்கு அதற்கும் மேலே இடித்தால் மட்டும் வங்கிக்கு எழுதுங்கள்.